எவர் பொருட்டுப் பறக்கிறது? தனி விமானமும் திண்டிவனம் வட்டாரத்து அறநெறிகளும்

ஒருவரோ ஒரு குழுவோ தமக்கு வேண்டிய நாளில், வேண்டிய நேரத்தில், வேண்டிய ஊருக்குப் போவதற்கென்றே புறப்படும் சிறிய ஜெட் அல்லது டர்போபிராப் விமானமே தனி விமானம் எனப்படுகிறது. அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆடம்பரம், பொறாமை, சுற்றுச்சூழல் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. சமய நோக்கில் அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: ஓர் ஊர்தி ஒருவருக்காக மட்டுமே அசையும்போது, அந்த அசைவினால் உயிர்களுக்கு விளையும் தீங்கு எவருடைய வினையாகும்? இக்கேள்வியை ஆராய விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் மிகவும் பொருத்தமானது. விமான நிலையம் ஒன்றுகூட இல்லாத இந்த மாவட்டத்தில், ஊர்தி ஏறுவதையே துறவுக்கு மாறானதாகக் கருதிய இரண்டு மரபுகள் ஆழமாக வேரூன்றியிருக்கின்றன.

முதலாவது காஞ்சி காமகோடி பீடத்தோடு தொடர்புடையது. அப்பீடத்தின் 68-ஆவது அதிபதியான சந்திரசேகரேந்திர சரஸ்வதி 1894 மே 20 அன்று விழுப்புரத்தில் பிறந்தவர். திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்துவந்த நிலையில், 1907-இல் துறவேற்றவர். அந்நாளில் மடம் கும்பகோணத்தில் இருந்தது. அங்கிருந்து 1919-இல் அவர் தொடங்கிய யாத்திரை 1934-இல் காசியை அடைந்து 1939-இல் நிறைவுற்றது. எண்பது வயதைக் கடந்தபின் 1978-இல் மீண்டும் புறப்பட்டவர், கர்நாடகம், மகாராஷ்டிரம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் நடந்து 1984-இல்தான் காஞ்சிக்குத் திரும்பினார். மடாதிபதிகளுக்கென மேனா, அதாவது ஆட்கள் தோளில் சுமக்கும் மூடுபல்லக்கு, வழக்கத்தில் இருந்தும் பிற்காலத்தில் அவர் அதை விலக்கி நடையையே மேற்கொண்டார். அவருடைய முதுமைக் காலத்துப் புகைப்படங்களில் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று உடன் வருவதையும், அதில் ஏறாமல் அதைப் பற்றிக்கொண்டே அவர் நடப்பதையும் காணலாம்.

இரண்டாவது மரபு அதைவிடப் பழையது. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி ஆகிய ஊர்களைச் சுற்றி, நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். திகம்பரப் பிரிவைச் சேர்ந்த இவர்களுள் பெரும்பாலோர் வழிவழியாக உழவர்கள். இவர்களுடைய தலைமை மடமான ஜினகாஞ்சி மடம், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள மேல்சித்தாமூரில் இருக்கிறது. திகம்பர முனிவர் எந்த ஊர்தியிலும் ஏறுவதில்லை. நடக்கும்போதும் நான்கு முழத் தொலைவு தரையைப் பார்த்தபடி, பகல் வெளிச்சத்தில் மட்டுமே நடக்க வேண்டும். அமரும் இடத்தை மயிற்பீலியால் மெல்ல நீவி, சிற்றுயிர்களை விலக்கிய பின்னரே அமர வேண்டும். பூச்சி புழுக்கள் பெருகும் மழைக்காலத்தில் நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்குவது சாதுர்மாஸ்யம் எனப்படும். சமண முனிவருக்கும் காஞ்சி மடத்துத் துறவிக்கும் பொதுவான விதி இது. இந்த அசைவின்மையின் உச்சத்தைச் செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் காணலாம். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி அங்குள்ள பாறையில் வெட்டப்பட்டுள்ளது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்வோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் கல்வெட்டு அது.

இவ்விரு மரபுகளையும் பழமைப் பிடிப்பு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் விமானத்துக்கு நேராகப் பொருத்திப் பார்க்கத்தக்க ஒரு கருவி சமண அறநூல்களில் இருக்கிறது. ஒரு தீங்கைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் அந்நூல்கள் வினைக்குரிய வழிகளாகக் கொள்கின்றன. இவை ஒவ்வொன்றும் மனம், சொல், உடல் ஆகிய மூன்றாலும் நிகழக்கூடும் என்பதால் ஒன்பது வகையாக விரிகின்றன. முனிவர் இந்த ஒன்பதையும் விலக்க வேண்டும். ஆகவேதான் முனிவருக்கென்று தனியே சமைத்த உணவை அவர் ஏற்கலாகாது என்ற விதி பிறந்தது. அத்தகைய உணவு ‘உத்திட்டம்’ எனப்படும். ஒருவரைக் குறித்து, அவர் பொருட்டு ஆக்கப்பட்டது என்பது அதன் கருத்து. இல்லறத்தார் தமக்காகச் சமைத்ததில் ஒரு பங்கைப் பெறும்போது அடுப்பில் எரிந்த நெருப்பும் அதில் மடிந்த உயிர்களும் அவர் கணக்கில் சேர்வதில்லை. அவருக்கென்றே உலை வைத்தால் சேர்ந்துவிடும். பௌத்த பிக்குகளுக்கும் இதை ஒத்த விதி ஒன்று உண்டு. தமக்காகக் கொல்லப்பட்டது என்பதைக் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயுற்றிருந்தாலோ அவர்கள் அந்த ஊனை ஏற்கலாகாது.

இனி, தனி விமானம் எவ்வாறு புறப்படுகிறது என்பதைப் பார்த்தால் இவ்விதியின் கூர்மை விளங்கும். இந்தியாவில் வாடகைக்குப் பறக்கும் சிறு விமானங்கள், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் அட்டவணையில்லாச் சேவைக்கான உரிமத்தைப் பெற்ற நிறுவனங்களிடம் மட்டுமே இருக்க முடியும். ஒரு தொழிலதிபர் தம் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த விமானத்தைப் பணம் வாங்கிக்கொண்டு பிறருக்குத் தருவது விதிமீறல். ஆகவே விமானத்தை ‘சார்ட்டர்’ செய்ய விரும்புபவர், அதாவது முழு விமானத்தையும் வாடகைக்கு எடுக்க விரும்புபவர், முதலில் கேட்க வேண்டியது அந்த உரிமத்தைப் பற்றித்தான். கட்டணம் இருக்கைக் கணக்கில் வருவதில்லை. பறக்கும் மணிக்கணக்கில் வருகிறது. அதற்கு மேல் தரையிறங்கும் கட்டணம், நிறுத்தக் கட்டணம், விமானிகள் இரவு தங்கினால் அதற்கான செலவு, வரி ஆகியவை சேரும். நான்கு பேர் ஏறினாலும் ஒருவர் ஏறினாலும் தொகை ஒன்றே.

திண்டிவனத்திலிருந்து ஒருவர் அவ்வாறு பறக்க நினைத்தால், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்ள சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கோ, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் புதுச்சேரி இலாசுப்பேட்டையில் இருக்கும் விமான நிலையத்துக்கோ காரில்தான் போக வேண்டும். புதுச்சேரியின் ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர் நீளமே உடையது. கிங் ஏர் போன்ற டர்போபிராப்புகளும் சிறிய ஜெட்டுகளும் அங்கே இறங்கக்கூடும், பெரிய ஜெட்டுகளுக்கு அது போதாது. ஓடுதளத்தின் நீளம், விமான நிலையம் திறந்திருக்கும் நேரம், இரவில் இறங்குவதற்கு விளக்கு வசதி உண்டா இல்லையா என்பவைதான் எந்த விமானம் எப்போது வரும் என்பதை முடிவு செய்கின்றன. பயணிகளின் பெயர்களும் அடையாளச் சான்றுகளும் முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும். பாதுகாப்புச் சோதனை இவர்களுக்கும் உண்டு. சிறு விமானத்தில் ஒவ்வொரு கிலோ எடையும் எரிபொருளோடு போட்டியிடுவதால் பயணியின் உடல் எடையையும் பெட்டியின் எடையையும் உள்ளபடி சொல்ல வேண்டும். வானிலை சரியில்லை என்று விமானி மறுத்துவிட்டால், முழுப் பணத்தையும் கட்டியவரும் அதற்குப் பணிந்தே ஆக வேண்டும். பணம் எவ்வளவு கொடுத்தாலும் ஆணையிட முடியாத ஓர் இடம் அந்த விமானத்தில் இருக்கிறது என்பது இத்தொழிலில் கவனிக்கத்தக்க செய்தி.

பலரும் அறியாத பகுதி வேறு. வாடகைக்கு எடுக்கப்படும் விமானம் வாடிக்கையாளரின் ஊரில் காத்திருப்பதில்லை. அதன் இருப்பிடம் டெல்லியாகவோ மும்பையாகவோ இருந்தால் அங்கிருந்து காலியாகப் பறந்து வந்து, அவரை ஏற்றிச் சென்று, இறக்கிவிட்டு, மீண்டும் காலியாகவே திரும்புகிறது. இந்தக் காலி ஓட்டத்தைத் தொழிலில் இருப்பவர்கள் ‘எம்ப்டி லெக்’ என்கின்றனர்; அதற்கான பணமும் வாடிக்கையாளர் தலையில்தான் விழும். சிறிய ஜெட் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 500 முதல் 700 லிட்டர் எரிபொருள் எரிக்கும் என்றும், ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரைக் கிலோ கரியமில வாயு வெளியேறும் என்றும் கொண்டால், சென்னையிலிருந்து டெல்லி வரையிலான இரண்டரை மணி நேரப் பறப்பில் நான்கு டன்னுக்கு அருகில் வெளியேறுகிறது; விமானம் காலியாகத் திரும்பினால் அது இரட்டிப்பாகும். உலகெங்கும் தனி விமானங்கள் 2023-இல் சுமார் 1.56 கோடி டன் கரியமில வாயுவை வெளியிட்டன என்றும், அவற்றின் பயணங்களில் ஏறக்குறைய பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தவை என்றும் 2024-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

இப்போது ‘உத்திட்டம்’ என்ற கருத்தை இங்கே வைத்துப் பார்க்கலாம். அட்டவணைப்படி பறக்கும் விமானத்தில் 180 பேரில் ஒருவராக ஏறுபவர், தாம் ஏறாவிட்டாலும் அது பறந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் கூறுவது முழு உண்மையன்று. பயணிகள் குறைந்தால் சேவை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் உடன்படுபவராக நிற்கிறாரே தவிர, செய்விப்பவராக வெளிப்படையாக நிற்பதில்லை. தனி விமானத்தில் ஏறுபவருக்கு அந்தச் சமாதானம் அறவே இல்லை. அவர் அழைத்திராவிட்டால் அந்த இயந்திரம் கொட்டகையிலேயே நின்றிருக்கும். எரிந்த எரிபொருள் ஒவ்வொரு சொட்டும், காலியாக வந்த தூரமும் காலியாகத் திரும்பிய தூரமும் சேர்த்து, அவர் பெயரைக் குறித்து எரிந்தவை. சமண அறநூலார் கண்ணில் இது ஐயத்துக்கு இடமற்ற செய்வித்தல். தனி விமானத்தின் அறச்சிக்கல் அதன் தோல் இருக்கைகளில் இல்லை என்பதும், பொறுப்பை மறைத்துக்கொள்ள அங்கே கூட்டம் இல்லை என்பதே அதன் உண்மையான தனிமை என்பதும் இதனால் பெறப்படும். ஒரு வகையில் ஊர்திகளுள் இதுவே நேர்மையானது என்றும் கூறலாம். மற்றவற்றில் மங்கலாகப் பரவிக் கிடக்கும் பொறுப்பு இதில் ஒரே ஆள்மேல் வந்து குவிகிறது.

காலியாகத் திரும்பும் விமானத்தில் மலிவு விலைக்கு இடம் பிடிப்பவர் நிலை இன்னும் சுவையானது. எப்படியும் பறக்கப்போவதில் ஏறுகிறோம் என்பது அவர் வாதம். பிறருக்காகச் சமைத்ததில் பங்கு பெறும் முனிவரின் வாதமும் இதுவே. ஆனால் காலி ஓட்டங்களை விற்றுக் காசாக்க முடியும் என்று நிறுவனம் கண்டுகொண்டபின், அந்த வருவாயும் தொழிலின் கணக்கில் சேர்ந்து, அடுத்த பறப்பை எளிதாக்குகிறது. சமண இல்லங்களிலும் இதே வழுக்கல் நிகழ்ந்திருக்கிறது. முனிவர் வரும் நாளில் வீட்டார் தனிக் கவனத்துடன் சமைத்துவிட்டு, உணவும் நீரும் தூயவை என்று முறைப்படி அறிவித்து அவரை வரவேற்கின்றனர். சமையல் எவருக்காக நடந்தது என்பது வீட்டாருக்கும் தெரியும், ஒருவேளை முனிவருக்கும் தெரியும். விதியின் சொல் காக்கப்பட, அதன் உள்ளீடு மெல்ல நழுவுகிறது. மரம் நட்டுக் கரியமில வாயுவை ஈடுசெய்துவிட்டதாகச் சான்றிதழ் வாங்கும் இன்றைய வழக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததே.

துறவிகள் பறந்ததே இல்லை என்பதும் சரியன்று. சுவேதாம்பர முனிவரான சித்ரபானு 1970-இல் ஜெனீவாவில் நடந்த சமய மாநாட்டுக்குச் சென்றபோதும், ஸ்தானகவாசிப் பிரிவைச் சேர்ந்த ஆச்சாரிய சுசீல்குமார் 1975-இல் அமெரிக்காவுக்குப் பறந்தபோதும் சமணர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. தேராபந்தப் பிரிவின் தலைவர் ஆச்சாரிய துளசி வேறு வழியை நாடினார்: முனிவர்களின் விதியைத் தளர்த்தாமல், ஊர்தியில் செல்ல அனுமதி பெற்ற சமணி என்னும் இடைநிலைத் துறவு வரிசையை 1980-இல் ஏற்படுத்தினார். திகம்பரரிடம் இத்தகைய இடைநிலை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது. மேல்சித்தாமூர் மடத்தின் தலைவர் பட்டாரகர் எனப்படுபவர். ஆடையைத் துறந்த முனிவர் போலன்றிக் காவி உடுத்து, மடத்தின் சொத்துகளையும் கோயில்களையும் நிருவகித்து, ஊர்தியிலும் செல்லும் உரிமை உடையவர். காஞ்சி மடத்திலும் சந்திரசேகரேந்திர சரஸ்வதிக்குப் பின்வந்த ஜயேந்திர சரஸ்வதி காரிலும் விமானத்திலும் பயணம் செய்தார். அதைக் குறையாகக் கண்டவரும் இருந்தனர், நாடெங்கும் பரவிய பணிகளை நடந்தே கவனிக்க இயலாது என்றவரும் இருந்தனர். இந்த இரண்டாம் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. ஆயினும் பணியின் பெயரால் தளர்த்தப்பட்ட விதி, பணி இல்லாத நாளிலும் தளர்ந்தே கிடக்கும் என்பதற்குச் சமயங்களின் வரலாறு முழுவதும் சான்று.

அந்த வாதம் எதுவரை நீளக்கூடும் என்பதற்கு அமெரிக்கப் போதகர்கள் எடுத்துக்காட்டு. லூசியானாவைச் சேர்ந்த ஜெசி டுப்ளாண்டிஸ், 5.4 கோடி டாலர் விலையுள்ள ஃபால்கன் 7எக்ஸ் ஜெட்டை வாங்க உதவுமாறு 2018-இல் தம்மைப் பின்பற்றுவோரிடம் வெளிப்படையாகக் கேட்டார்; அது அவருடைய ஊழியத்துக்கு நான்காவது விமானம். இறைவனே அதை விரும்புகிறான் என்பது அவர் தரப்பு. இதைக் கேட்டு நகைப்பதற்கு முன், சைவ மரபிலும் இறைவன் அனுப்பிய ஊர்தி உண்டு என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த திருநாவலூரில் பிறந்த சுந்தரர், சிவபெருமான் அனுப்பிய வெள்ளை யானைமீது வானவழியே கயிலை சென்றார் என்பது பெரியபுராண மரபு. அதே கயிலைக்குத் திருநாவுக்கரசர் நடந்தும், கால் தேய்ந்தபின் கையால் ஊன்றியும், மார்பால் ஊர்ந்தும் போக முயன்று, இறுதியில் திருவையாற்றிலேயே அக்காட்சியைக் கண்டார். பக்தி மரபு இவ்விருவரையும் ஒன்றாகவே வணங்குகிறது. ஊர்தி அதற்கு வினையாகத் தோன்றுவதில்லை, அருளாகத் தோன்றுகிறது. எனினும் சுந்தரரின் யானை ஒரே ஒருமுறை வந்தது. அதற்கு நன்கொடை திரட்டப்படவும் இல்லை.

தமிழில் ஒருவருக்கென்றே செய்யப்பட்ட பறக்கும் பொறியை விரிவாகக் காட்டும் காப்பியத்தைப் படைத்தவர், ஊர்தி ஏறாத சமணத் துறவி ஒருவரே என்பது வியப்புக்குரியது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், கருவுற்ற தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். பொறியை வலப்புறம் திருகினால் எழும். இடப்புறம் திருகினால் இறங்கும். தேவிக்கு அதை இயக்கவும் கற்றுத்தருகிறான். அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைக்கும் நாளில் அவள் மட்டும் அதில் ஏறித் தப்புகிறாள். மன்னன் போரில் மாள்கிறான். பொறி இறங்கும் இடம் சுடுகாடு, சீவகன் பிறப்பதும் அங்கேதான். காப்பியம் பொறியைப் பழிப்பதில்லை. காமத்தில் ஆழ்ந்து ஆட்சியை அமைச்சனிடம் விட்ட மன்னனின் பிழைதான், தேவிக்கென ஒரு தப்பும் வழியைத் தேட வைத்தது என்பதை அது காட்டுகிறது. நாட்டை ஆள மறந்தவன் தன் குடும்பத்துக்கு மட்டும் ஒரு பறவை செய்துகொள்கிறான். அந்நகரத்து மக்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆனால் இல்லறத்தாருக்குச் சமணம் விமானத்தை மறுப்பதில்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். முனிவரின் விதியை அவர்மேல் ஏற்றுவது முறையன்று. அவருக்குரியவை சிறு விரதங்களும் அவற்றுக்குத் துணையான குணவிரதங்களும். குணவிரதங்களுள் ஒன்று திசை விரதம்: வாழ்நாளில் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்துக்கு மேல் செல்வதில்லை என்று கடல், ஆறு, காடு, மலை, நாடு போன்ற அறியப்பட்ட எல்லைகளைக் குறித்து உறுதி பூணுதல். திண்டிவனத்து உழவருக்கு அது கிழக்கே மரக்காணத்துக் கடலாகவும், மேற்கே செஞ்சி மலையாகவும், தெற்கே தென்பெண்ணையாகவும் இருந்திருக்கலாம். வியப்பு என்னவெனில், இத்திசைகள் எட்டல்ல, பத்து. மேலும் கீழும் அவற்றுள் அடங்கும். மேல்நோக்கிய எல்லையைக் கடப்பதைத் தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்தின் குற்றங்களுள் முதலாவதாகவே எண்ணுகிறது. குறித்த எல்லையை மறந்துவிடுவதும் அப்பட்டியலில் ஒரு குற்றம். மலை ஏறுவதை எண்ணி வகுத்த விதியாக இருந்தாலும், சிறு ஜெட்டுகள் 40,000 அடி உயரத்தில் பறக்கும் இந்நாளில் அது புதுப்பொருள் பெறுகிறது. இன்றைய விமானி, புறப்படும் முன் தாக்கல் செய்யும் பறப்புத் திட்டத்தில் வழியையும் உயரத்தையும் முன்கூட்டியே எழுதித் தருகிறார். பயணியிடம்தான் அப்படி எவரும் கேட்பதில்லை.

மற்றொரு குணவிரதம், பயனின்றி உயிர்களைத் துன்புறுத்தாமை. தீங்கு முழுவதையும் இல்லறத்தார் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, எதற்காக என்ற கேள்விக்கு விடை இல்லாத தீங்கை மட்டும் இது விலக்குகிறது. தானமாகப் பெற்ற இதயத்தை ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் வேறோர் உடலில் பொருத்தியாக வேண்டும் என்பதால் அதை ஏற்றிச் செல்லும் சிறு விமானமும், திருமண விருந்தினரை ஏற்றிச் செல்லும் சிறு விமானமும் ஒரே ரகமாக இருக்கலாம். எரிபொருளும் ஒன்றே, காலியாகத் திரும்பும் தூரமும் ஒன்றே. செய்வித்தல் இரண்டிலும் உண்டு. முதலாவதில் செய்விப்பவரால் எதற்காக என்பதற்கு விடை சொல்ல முடியும். அட்டவணை விமானம் நாள்தோறும் பல முறை செல்லும் ஊருக்கு, வரிசையில் நிற்பதைத் தவிர்ப்பதற்காக மட்டும் தனியே பறப்பவர் எந்த விடையைச் சொல்வார் என்பதே கேள்வி. அவருடைய நேரத்துக்கு விலை அதிகம் என்பது வணிகத்தில் செல்லும், வினைக் கணக்கில் செல்லாது.

பயணி ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடும் செய்வித்தலும் ஒன்று உண்டு: ஓடுதளம் அமைத்தல். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போடப்பட்ட ஓடுதளம் போருக்குப் பின் பயனற்றுக் கிடந்தது. புதுச்சேரி ஓடுதளத்தை நீட்ட வேண்டுமானால், அதற்கான நிலத்தைத் தமிழ்நாட்டின் எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதால் அத்திட்டம் நெடுங்காலமாக இரு அரசுகளுக்கிடையே பேச்சாகவே இருந்துவருகிறது. ஓடுதளம் நீண்டால் பெரிய விமானங்களும் வரும், அட்டவணைச் சேவையும் பெருகும், தனி ஜெட்டுகளுக்கும் வழி திறக்கும். அந்நிலத்தைக் கொடுப்பவர்களுள் விமானம் ஏறக்கூடியவர் எத்தனை பேர் என்பது ஒருபுறமிருக்க, உடன்படுதலையும் வினையாக எண்ணும் அறநூலின்படி, இழப்பீட்டுப் பத்திரத்தில் கையொப்பம் இடும் உழவரும் அந்தக் கணக்கில் சேர்வாரா என்பது இன்னும் விவாதிக்கப்படாத கேள்வி. வேறு வழியின்றிக் கொடுத்த சம்மதத்தை உடன்படுதலாகக் கொள்ளலாகாது என்று வாதிட இடமுண்டு; மனம், சொல், உடல் என்று மூன்றையும் பிரித்து வைத்த மரபு அது என்பதால், மனம் ஒப்பாத கையொப்பத்தை அது தனியாகவே எடைபோடக்கூடும்.